ஞாயிறு மதியத்துக்கு எந்த ராகூ?

இறைச்சியைப் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்து பாஸ்தாவுக்கு ஊற்றிக்கொள்ளும் சாஸுக்கு இத்தாலியில் ராகூ என்று பெயர். கடைசி எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அழுத்தாமல் ராகு என்று எழுதினால் நம்மிடம் நவக்கிரகத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்துகொள்வார், அதனால் கட்டுரை முழுக்க நெடில்தான். ஞாயிற்றுக்கிழமை நம் ராகு காலம் மாலை 4.30க்குத் தொடங்குகிறது. நேப்பிள்ஸ்காரர்களின் ராகூ காலம் காலையில் கண் விழித்ததுமே தொடங்கி, மதியச் சாப்பாட்டுத் தட்டில் முடிகிறது.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் செய்முறையைத் தேடி இறங்குகிறார்கள். ஒருவர் இரண்டு மணி நேரம் என்கிறார், இன்னொருவர் ஆறு மணி நேரம் என்கிறார். ஒருவர் பால் ஊற்றச் சொல்கிறார், இன்னொருவர் இரண்டு கிலோ வெங்காயம் நறுக்கச் சொல்கிறார். எல்லாரும் சொல்வது சரிதான், ஏனென்றால் அவர்கள் பேசுவது வெவ்வேறு பதார்த்தங்களைப் பற்றி. சாம்பார், வத்தக்குழம்பு, மீன்குழம்பு மூன்றையும் 'குழம்பு' என்று தேடினால் என்ன ஆகும், அந்தக் கதைதான். அதனால் முதலில் எந்த ராகூ என்று முடிவுசெய்துகொள்வது நல்லது. நான் நான்கை மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன்: பொலோனியா, நேப்பிள்ஸ், அதே நேப்பிள்ஸின் ஜெனோவேசே, அப்புறம் அப்ருட்சோவின் ஆட்டு ராகூ.

நான்கையும் பிரித்துப் பார்க்க எனக்கு உதவிய கேள்வி ஒன்றுதான். கடைசியில் இறைச்சி எங்கே போகிறது? பொலோனியாவில் அது சாஸுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நேப்பிள்ஸில் தன் சாரத்தை எல்லாம் தக்காளிக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்து இரண்டாவது பரிமாறலுக்குத் தனித் தட்டில் உட்கார்கிறது. ஜெனோவேசேயில் வெங்காயம்தான் சாஸ், இறைச்சி அதற்குச் சுவை ஏற்ற வந்த விருந்தாளி. எந்தக் கறி வாங்குவது, எவ்வளவு நேரம் அடுப்படியில் நிற்பது, எத்தனை பேருக்குக் காணும் என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பொலோனியா: பத்திரப் பதிவு செய்த ராகூ

எல்லாருக்கும் தெரிந்த பெயர் இது, அதனாலேயே அதிகமாகக் கெட்டுப்போனதும் இதுதான். 1982 அக்டோபர் 17 அன்று இத்தாலியச் சமையல் அகாதமி 'இதுதான் ராகூ' என்று ஒரு செய்முறையைப் பொலோனியா வணிகச் சபையில் நிலப்பத்திரம் மாதிரி பதிந்துவைத்தது. 2023 ஏப்ரல் 20 அன்று அதைத் திருத்தி மறுபடி பதிந்தார்கள். புதிய பதிவில் கொரகொரப்பாக அரைத்த மாட்டிறைச்சி 400 கிராம், புகைபோடாத பன்செட்டா (பன்றி வயிற்றுக் கறி) 150 கிராம், வெங்காயம், காரட், செலரி ஒவ்வொன்றும் 60 கிராம் அளவில், ஒரு கிளாஸ் ஒயின், தக்காளிச் சாறு 200 கிராம், தக்காளி விழுது ஒரு மேசைக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, இறைச்சி வேகவைத்த நீர். விருப்பப்பட்டால் ஒரு கிளாஸ் பால். பூண்டு கூடாது, மாவு கரைத்துக் கெட்டிப்படுத்தக் கூடாது, புகைபோட்ட கறி கூடாது என்ற தடைகளும் உண்டு.

தக்காளியின் அளவைக் கவனியுங்கள். அரைக் கிலோவுக்கு மேல் இறைச்சி, தக்காளி 200 கிராம். 1982 பதிவில் அதுவும் இல்லை, ஐந்து மேசைக்கரண்டி சாறோடு சரி. இன்னும் பின்னால் போய், 1891இல் பெல்லெக்ரீனோ அர்த்தூசி வெளியிட்ட சமையல் நூலைப் பார்த்தால், பொலோனியா மக்கரோனிக்கு அவர் சொன்ன இறைச்சிச் சாஸில் தக்காளியே கிடையாது. ஆக, ஊரெல்லாம் ஓட்டல்களில் 'பொலோனீஸ்' என்று தட்டு நிறையச் சிவப்பாக வருகிறதே, அது அந்த ஊர்க்காரருக்கு அடையாளம் தெரியாது. இதன் நிறம் செங்கல் பழுப்பு. தொளதொள என்று ஓடாது, கரண்டியில் எடுத்தால் குவியலாக நிற்கும்.

செய்கிற விதம் சுருக்கம்தான். பன்செட்டாவைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் போட்டு அதன் கொழுப்பை உருக்க வேண்டும். காய்கள் மூன்றையும் பொடிப்பொடியாக நறுக்கி அந்தக் கொழுப்பில் சிறு தீயில் வதக்க வேண்டும். வெங்காயம் சிவக்கக் கூடாது, கண்ணாடியாகி அடங்கினால் போதும். அடுத்தது கொத்துக்கறி. ஈரம் முழுக்க வற்றி, பாத்திரத்தில் சுள்சுள் என்று பொரிகிற சத்தம் வரும்வரை அதை விடக் கூடாது. பிறகு ஒயினை ஊற்றி வாசனை அடங்கும்வரை வற்றவிட்டு, தக்காளியும் கறித்தண்ணீரும் சேர்த்து இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். பாதி வழியில் பால்.

அந்தச் சுள்சுள் சத்தத்தில்தான் நான் முதல் தடவை சறுக்கினேன். அரைக் கிலோ கொத்துக்கறியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சின்ன பாத்திரத்தில் மொத்தமாகக் கொட்டினேன். கறி தண்ணீர் விட்டது, அந்தத் தண்ணீரிலேயே வெந்தது, சாம்பல் நிறத்தில் உருண்டை உருண்டையாக நின்றது. மூன்று மணி நேரம் சிறு தீயில் வைத்தும் அந்த அவித்த வாசனை போகவில்லை. இறைச்சி சிவந்து மணக்க ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், தண்ணீர் இருக்கும்வரை அது 100ஐத் தாண்டாது. அகலமான பாத்திரம், இரண்டு தவணையாகக் கறி, கொஞ்சம் பொறுமை. கொத்துக்கறி கடையிலேயே மாவாக அரைபட்டு வந்தாலும் இதே கதிதான், அதனால் பெரிய துளை வைத்து ஒரே தரம் அரைத்துத் தரச் சொல்லுங்கள். கத்தியால் கொத்திக்கொடுக்க ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

பால் எதற்கு என்று கேட்பார்கள். ஒயினும் தக்காளியும் கொடுத்த புளிப்பின் முனையை அது மழுக்கும், சாஸுக்கு ஒரு வழவழப்பு தரும். எனக்குப் பால் ஊற்றியதுதான் பிடிக்கிறது. ஊற்றாமல் விட்டாலும் பதிவுப் பத்திரம் உங்களைத் தண்டிக்காது.

இதற்குத் துணை ஸ்பகெட்டி இல்லை. முட்டை போட்டுப் பிசைந்த தல்யத்தெல்லே என்ற நாடாப் பாஸ்தா, 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை கணக்கு. அதற்கும் பொலோனியாக்காரர்கள் பத்திரம் வைத்திருக்கிறார்கள்: 1972இல் தங்கத்தில் ஒரு நாடா செய்து அதே வணிகச் சபையில் வைத்தார்கள். வெந்தபின் அகலம் 8 மில்லிமீட்டர், ஊரின் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு. ஊர்ப்பெருமைக்கு இப்படி ஒரு கணக்கு! ஆனால் நாடா வேண்டும் என்பது வெறும் பிடிவாதம் இல்லை. முட்டை மாவின் சொரசொரப்பான அகலத்தில் கொத்துக்கறி ஒட்டிக்கொள்ளும். ஸ்பகெட்டி வழுக்கிக்கொண்டு போய்விடும், கறி எல்லாம் தட்டின் அடியில் தேங்கிக் கிடக்கும்.

நேப்பிள்ஸ்: ஒரு பாத்திரம், இரண்டு பரிமாறல்

இங்கே கொத்துக்கறிக்கு வேலை இல்லை. முழுத் துண்டுகள்தான். மாட்டின் தோள் பகுதியிலிருந்து ஒரு பெரிய துண்டு, பன்றியின் விலா எலும்பு, அப்புறம் பிராச்சோலே. பிராச்சோலே என்பது மெல்லிய மாட்டிறைச்சித் துண்டைத் தட்டி, உள்ளே பூண்டு, பார்ஸ்லி, பெக்கோரினோ சீஸ், உலர்திராட்சை, பைன் கொட்டை வைத்துச் சுருட்டி நூலால் கட்டியது. சிலர் சாசேஜும் போடுவார்கள். வெங்காயம், பன்றிக் கொழுப்பு அல்லது எண்ணெய், சிவப்பு ஒயின், தக்காளி விழுது, ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தக்காளிச் சாறு. ஆறு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

பக்குவம் முழுக்கத் தீயில் இருக்கிறது. எல்லாத் துண்டுகளையும் எல்லாப் பக்கமும் சிவக்கவிட்டு, ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வற்றவிட்டு, தக்காளி விழுதைக் கொழுப்பிலேயே கருஞ்சிவப்பாகும்வரை வறுத்து, பிறகு சாற்றை ஊற்ற வேண்டும். அதன் பின் ஐந்து, ஆறு, ஏழு மணி நேரம். கொதிக்கவும் கூடாது, அடங்கவும் கூடாது. மேலே எப்போதாவது ஒரு குமிழி எழுந்து 'பிப்' என்று உடைய வேண்டும். அந்தச் சத்தத்தை வைத்தே நேப்பிள்ஸ்காரர்கள் இதற்குப் பிப்பியாரே என்று ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் குழம்பு 'தளதள'வென்று கொதிக்கும், 'களக் களக்' என்று சுண்டும். பிப்பியாரே அதற்கும் பின்னால் வருகிற நிலை, கிட்டத்தட்ட அடுப்பு அணைந்துவிட்டதோ என்று சந்தேகப்படுகிற தீ. மூடியை முழுக்க மூடாமல், பாத்திரத்தின் விளிம்பில் மரக்கரண்டியைக் குறுக்கே வைத்து அதன்மேல் மூடியைச் சாய்த்து வைப்பார்கள்.

வாயிற்காவலர் ராகூ என்று அங்கே ஒரு சொல்வழக்கு உண்டு. கட்டடத்து வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் காவலருக்குத்தான் நகராமல் இந்தப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சாவகாசம் இருந்ததாம். எனக்கு இதன் அருமை ஒரு ஞாயிற்றுக்கிழமை புரிந்தது. நான்காவது மணி நேரத்தில் சும்மா கண்ணை மூடினேன். விழித்தபோது வாசனை மாறியிருந்தது. இதில் அடிப்பிடித்தால் மேலோட்டமாக எடுத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தப்பிக்க முடியாது. தக்காளியின் சர்க்கரை கருகிய கசப்பு இரண்டு லிட்டரிலும் இறங்கிவிடும். அடிகனமான பாத்திரமும் இருபது நிமிடத்துக்கு ஒரு கிளறலும் கட்டாயம்.

அந்த ஒரு ஆபத்தை விட்டால், நான்கில் மிகவும் மன்னிக்கும் குணம் இதற்குத்தான். காய் நறுக்கும் நுணுக்கம் இல்லை, கறி அரைக்கும் கவலை இல்லை. எலும்பும் சவ்வும் நரம்பும் உள்ள மலிவான துண்டுகள்தான் இதற்கு உகந்தவை. சவ்வில் இருக்கும் கொலாஜன் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஈரச்சூட்டில் மெதுவாகக் கரைந்து ஜெலட்டின் ஆகிறது, சாஸ் உதட்டில் ஒட்டுகிற பதம் அதனால் வருகிறது. இதே நேரத்துக்குக் கொழுப்பில்லாத தொடைக்கறியைப் போட்டால் நார் நாராகி வாயில் பஞ்சாகும். துண்டுகள் ஒரே நேரத்தில் வேகாது என்பதையும் நினைவில் வையுங்கள். விலா எலும்பு முதலில் தயாராகும், எடுத்துத் தனியே வையுங்கள். அடுத்து பிராச்சோலே. பெரிய துண்டு கடைசி.

எப்போது முடிந்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை: எண்ணெய் பிரிந்து மேலே வரும், நிறம் இருண்டு கிட்டத்தட்டக் காப்பிக்கொட்டை பக்கம் போயிருக்கும். அந்தச் சாஸை மட்டும் எடுத்து சீத்தி என்ற நீளக் குழல் பாஸ்தாவில் கலக்க வேண்டும். சீத்தியைக் கையால் மூன்று நான்கு துண்டாக உடைத்து வேகவைப்பார்கள், உடைக்கும்போது சிதறுகிற சில்லுகளும் சேர்ந்தே வேகும். அது முதல் பரிமாறல். கறித்துண்டுகள் இரண்டாவது பரிமாறல். ஆனால் அந்த வீடுகளில் உண்மையான முதல் பரிமாறல் இதற்கெல்லாம் முன்பே நடந்துவிடும். யாரும் பார்க்காத நேரத்தில் ரொட்டித் துண்டைப் பாத்திரத்தில் முக்கி எடுப்பது ஞாயிற்றுக்கிழமைக் காலையின் வழக்கம்.

ஜெனோவேசே: ஜெனோவாவில் இல்லாத ஜெனோவா சாஸ்

பெயர் ஜெனோவாக்காரி என்று சொல்கிறது. ஊர் நேப்பிள்ஸ். ஜெனோவாவில் போய்க் கேட்டால் இந்தப் பண்டம் கிடைக்காது. துறைமுகத்துக்கு வந்த ஜெனோவா சமையற்காரர்கள் கொண்டுவந்தது என்பது பெயருக்குச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று. நேப்பிள்ஸ் உணவுப் பட்டியலில் ஜெனோவேசே என்று இருந்தால் ஜெனோவாவின் பச்சை நிற பேசில் இலைச் சாஸான பெஸ்தோ வரும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள்.

ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வெங்காயம். கொஞ்சம் காரட், கொஞ்சம் செலரி, வெள்ளை ஒயின். தக்காளி கிடையாது. அங்கே மொந்தோரோ என்ற ஊரின் செம்பு நிறத் தோல் வெங்காயத்தை உயர்வாகச் சொல்வார்கள், அது இனிப்பானது. நம் பெரிய வெங்காயத்தில் காரம் தூக்கல், ஆனால் நான்கு மணி நேரத் தீயில் அந்தக் காரம் தாக்குப்பிடிக்காது. சின்ன வெங்காயம் போடலாமா என்று யோசிக்கிறவர்கள் இரண்டு கிலோவை உரிக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதனால் இதற்குத் தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. மெல்லிசாக நறுக்கி, சிவந்த கறித்துண்டின் மேல் மலைபோலக் குவித்து, உப்புத் தூவி மூடினால் அரை மணி நேரத்தில் பாத்திரம் குளமாகிவிடும். அந்தக் குளத்தில் கறி மூன்று மணி நேரம் வேக வேண்டும். பிறகு மூடியைத் திறந்து, கறியை எடுத்துவிட்டு அல்லது பிய்த்துப் போட்டு, கிளறிக் கிளறிச் சுண்டவைக்க வேண்டும். கடைசியில் வெங்காயம் தன் உருவத்தை மறந்து, தேன் நிறத்தையும் தாண்டிப் பழுப்பான களியாக நிற்கும். எங்கள் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, இதில் என்ன பருப்பு போட்டாய் என்று கேட்டார்.

தக்காளியை ஏன் சேர்க்கவில்லை என்பதற்கு நம் சமையலிலேயே விளக்கம் இருக்கிறது. காய் வேகும் முன்பே புளியைக் கரைத்து ஊற்றிவிட்டால் காய் எவ்வளவு நேரம் கொதித்தாலும் நறுக்கென்றே நிற்கும் அல்லவா? வெங்காயமும் அப்படித்தான், புளிப்பில் இளகாது. இங்கே அது முழுக்கக் கரைந்தால்தான் சாஸ். ஒயினும் புளிப்புதானே என்றால், அளவு சிறிது, தொடக்கத்திலேயே வற்றிவிடுகிறது. பொலோனியா ராகூவிலும் வெங்காயம் நன்றாக அடங்குவதற்கு முன் தக்காளியை ஊற்றினால் கடைசிவரை பல்லில் கடிபடும்.

குறை என்று சொன்னால் இனிப்புதான். மூன்றாவது கவளத்தில் சிலருக்குத் திகட்டும். நிறைய மிளகும் துருவிய பெக்கோரினோவின் உப்பும் அதைச் சமன் செய்கின்றன. வெங்காய விலை ஏறியிருக்கும் வாரத்தில் இதைத் தொடாதீர்கள் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்ருட்சோ: ஆட்டுக்கறிக்காரர்களின் பக்கம்

மாடும் பன்றியும் சாப்பிடாத வீடுகளில் பொதுவாக நடப்பது என்னவென்றால், பொலோனியா செய்முறையை எடுத்துக்கொண்டு மாட்டிறைச்சிக்குப் பதில் ஆட்டு கைமாவைப் போடுவது. சாப்பிடலாம், தப்பில்லை. ஆனால் பன்றிக் கொழுப்பின் மேல் கட்டிய செய்முறையில் அதை உருவிவிட்டால் வறட்டென்று ஆகிவிடும். பாலும் ஆட்டுக்கறி வாடையும் எனக்குச் சேரவே இல்லை. ஆட்டுக்கென்றே இத்தாலியில் ஒரு ராகூ இருக்கும்போது ஏன் இந்தச் சிரமம்?

நடு இத்தாலியின் மலைநாடு அப்ருட்சோ. மேய்ச்சல்காரர்களின் பூமி. நம் கீதாரிகள் கிடை மாற்றிப் போவதுபோல அங்கேயும் இலையுதிர்காலத்தில் மந்தைகளை ஓட்டிக்கொண்டு தெற்கே புலியா சமவெளிக்கு இறங்குவார்கள். லாக்கிலாவிலிருந்து போஜ்ஜா வரையிலான மந்தைப் பாதை மட்டும் 240 கிலோமீட்டருக்கு மேல். இந்தப் பருவகால மந்தை ஓட்டத்தை 2019இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த நாட்டில் செம்மறியும் ஆட்டுக்குட்டியும் ராகூவுக்குள் வந்தது இயல்புதானே.

விரல் நுனி அளவுத் துண்டுகளாக நறுக்கிய ஆட்டுக்கறி, பூண்டு, பிரிஞ்சி இலை அல்லது ரோஸ்மேரி, வெள்ளை ஒயின், தக்காளி. சிலர் குடமிளகாயும் சேர்ப்பார்கள். காய்ந்த மிளகாய் போடுவது அந்தப் பகுதிக்குப் புதிதில்லை, ஆக உங்கள் கை தானாக மிளகாய் டப்பா பக்கம் போனால் வெட்கப்பட வேண்டாம். இளம் ஆடு என்றால் ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். நம் கடைகளில் மட்டன் என்ற பெயரில் பெரும்பாலும் கிடைப்பது வெள்ளாடு. அதில் கொழுப்பு குறைவு, நார் அதிகம், எனவே தோள் அல்லது கழுத்துக் கறி வாங்கி இன்னொரு மணி நேரம் கொடுங்கள். இரண்டு எலும்புத் துண்டையும் போட்டு வேகவைத்துக் கடைசியில் எடுத்துவிட்டால் சாஸ் கெட்டியாக வரும்.

பாஸ்தா கித்தாரா. மரச் சட்டத்தில் கம்பிகளை இழுத்துக் கட்டியிருப்பார்கள், பார்க்க ஏதோ தந்தி வாத்தியம் போலிருக்கும், பெயரும் அதுதான். மாவுத் தகட்டை அதன்மேல் விரித்துக் குழவியால் உருட்டினால் சதுர முனையுள்ள நூல்களாக வெட்டுப்பட்டு விழும். அது கிடைக்காவிட்டால் தடித்த ஸ்பகெட்டி போதும். மேலே பெக்கோரினோ, அதுவும் ஆட்டுப்பால் சீஸ்தான்.

கோழியில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: இரண்டு மணி நேரத்தில் அது கூழாகிவிடும். வேறு சாஸ் செய்யுங்கள்.

அடுப்பு, குக்கர், நேரம்

ஆறு மணி நேரம் கேஸ் எரிவதை நினைத்தால் கை குக்கரைத் தேடும். குக்கரை நான் ஒதுக்கவில்லை, ஆனால் அது செய்வது பாதி வேலை. உள்ளே சூடு 120 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவதால் சவ்வு சீக்கிரம் கரையும், துண்டு பஞ்சாக வெந்துவிடும். நீர் வற்றாது, எண்ணெய் பிரியாது, நிறமும் இருளாது. நேப்பிள்ஸ் ராகூவில் கறியைக் குக்கரில் அரை மணி நேரம் வைத்து, பிறகு திறந்த பாத்திரத்துக்கு மாற்றி இரண்டு மணி நேரம் பிப்பியாரே செய்தால் ஏறக்குறைய எண்பது பங்கு கிடைக்கிறது, என் நாக்குக் கணக்கில். ஜெனோவேசேயைக் குக்கரில் வைத்தால் வெங்காயக் குளம் அப்படியே இருக்கும், அதை வற்றவைக்கிற நேரம் எப்படியும் மிச்சமாகாது. பொலோனியாவுக்குக் குக்கர் வேண்டாம், கொத்துக்கறி மாவாகிவிடும்.

மலிவான இண்டக்‌ஷன் அடுப்புகளில் ஒரு சிக்கல் உண்டு. குறைந்த அளவில் வைத்தால் அது தொடர்ந்து எரியாது, சில நொடி முழுச் சூடு, சில நொடி நிறுத்தம் என்று விட்டு விட்டு வேலை செய்யும். தக்காளி அடிப்பிடிக்க அது போதும். ஓவன் இருந்தால் அதுதான் உத்தமம்: மூடியிட்ட பாத்திரத்தை 130 டிகிரி செல்சியஸில் உள்ளே தள்ளிவிட்டு வெளியே போய்வரலாம். வாயிற்காவலர் வேலை மிச்சம்.

ஒயின் சேர்க்காத வீடு என்றால் கறித்தண்ணீரையே ஊற்றுங்கள், கடைசியில் சில சொட்டு வினிகர். திராட்சை ஜூஸ் ஊற்றினால் இனித்துத் தொலைக்கும். இஞ்சி பூண்டு விழுதும் கரம் மசாலாவும் போட்டால் அருமையான கைமா கிடைக்கும். அதைச் சப்பாத்திக்கு வைத்துக்கொள்ளலாம்.

சரி, நான் எதைச் செய்வேன்?

அடுத்த வாரம் முழுக்க அலுவலகம் விட்டு வந்து பத்து நிமிடத்தில் சாப்பிட வேண்டும் என்றால் பொலோனியா. இரட்டிப்பு அளவில் செய்து சின்னச் சின்ன டப்பாக்களில் உறையவைத்தால் மூன்று மாதம் வரும், சுவையும் குறையாது. லசான்யாவுக்கும் அதே சாஸ். ஆனால் முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை. பெயர் பழக்கமானது என்பதால் எல்லாரும் இதில்தான் தொடங்குகிறார்கள். காய் நறுக்கு, கறியின் அரைப்பு, ஈரம் வற்றும் கட்டம் என்று மூன்று இடத்தில் கை தவற வாய்ப்புள்ள ராகூ இது.

முதல் முறை என்றால் நேப்பிள்ஸ். வீட்டில் ஆறேழு பேர் கூடும் நாளில் ஒரே பாத்திரத்தில் பாஸ்தாவும் கறியும் முடிந்துவிடும். நாள் முழுக்க வீட்டில் இருக்கிறீர்கள், துணி மடிப்பதோ கணக்கு எழுதுவதோ அடுப்படிக்குப் பக்கத்திலேயே நடக்கும் என்றால் வேறு யோசனையே வேண்டாம். பிராச்சோலே சுருட்டப் பொறுமை இல்லையா, விட்டுவிடுங்கள், விலா எலும்பும் ஒரு தோள் துண்டும் போதும்.

இரண்டே பேர், மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள், கடைக்குப் போய்ப் பத்துச் சாமான் தேட மனமில்லை என்றால் ஜெனோவேசே, அரை அளவில். ஆட்டுக்கறி வீட்டுக்கு அப்ருட்சோ, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பண்டிகைக்கு வாங்கிய கறியில் கழுத்தும் எலும்பும் மிஞ்சியிருக்கும் மறுநாள் அதற்குத் தோதான நாள்.

எனக்கு மட்டும் என்று கேட்டால் ஜெனோவேசே. எங்கள் வீட்டில் ஓட்டெடுத்தால் நேப்பிள்ஸ்தான் ஜெயிக்கிறது, காரணம் மறுநாள் காலை. மிச்சமிருக்கும் சாஸ் குளிர்பெட்டியில் ஜெல்லி போல இறுகி நிற்கும். அதில் இரண்டு கரண்டி எடுத்துத் தோசைக்கல்லில் உருக்கி, மேலே முட்டை உடைத்து ஊற்றி ரொட்டியோடு சாப்பிட யார் முதலில் எழுந்திருப்பது என்று சனிக்கிழமை இரவே சண்டை தொடங்கிவிடுகிறது, ராகூ அடுப்பேறும் முன்பே.